சதுர அடியில் அடங்காத மண்

ஐந்து கிலோ எடையுள்ள இரும்புச் சம்மட்டி. மண்ணில் செங்குத்தாக நிறுத்திய மெல்லிய கம்பியின் தலையில் அதை 28 செண்டிமீட்டர் தூக்கிக் கைவிடுகிறார் ஒரு தொழிலாளி. மீண்டும் தூக்குகிறார், விடுகிறார். பக்கத்தில் நிற்பவர் வாய்விட்டு எண்ணுகிறார். கம்பியின் நுனியில் உள்ள கூம்பு 30 செண்டிமீட்டர் இறங்குவதற்குள் சம்மட்டி எத்தனை முறை விழுந்தது என்பதே கணக்கு. சேறாக இருந்தால் பத்துக்குள் முடிந்துவிடும். இறுகிய மண்ணில் நூறு, இருநூறு என்று போகும். 400-ஐத் தொட்டாலோ, 15 மீட்டர் ஆழத்தை எட்டினாலோ அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று கம்பியை உருவிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போவார்கள்.

இதற்கு மெக்கிந்தோஷ் புரோப் என்று பெயர். பொதுப்பணித் துறையின் பெயரால் ஜேகேஆர் புரோப் என்றும் சொல்வார்கள். மலேசியாவில் தனி வீடு கட்டும் மனைகளில் மண்ணை முதலில் தொட்டுப் பார்க்கும் கருவி பெரும்பாலும் இதுதான். செலவு கம்மி, வேலையும் சீக்கிரம் முடியும். அந்த எண்ணிக்கைகளைப் பார்த்து, தூண்களுக்குச் சாதாரண அடித்தளம் போதுமா, மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்கும் பைலிங் வேண்டுமா என்று பொறியாளர் ஒரு முடிவுக்கு வருவார்.

பத்துமலை வட்டாரத்தில் இதே சம்மட்டி ஆளை ஏமாற்றிவிடும். ஓரிடத்தில் 4 மீட்டரிலேயே எண்ணிக்கை 400-ஐத் தாண்டி நிற்கும். பாறை வந்துவிட்டது என்று நிம்மதியடையலாம். நாலு எட்டு தள்ளிச் சோதித்தால் 15 மீட்டர் வரைக்கும் எதிர்ப்பே இருக்காது. முதல் இடத்தில் தட்டுப்பட்டதாவது உறுதியான பாறைத்தளமா, பாறையின் கூர்நுனியா, மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் ஓர் உருண்டைக் கல்லா? கம்பிக்குத் தெரியாது. பாறைதான் என்றாலும் அதற்குக் கீழே பொந்து இருக்கிறதா என்பதும் தெரியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் வீடு கட்டுவதில்லை, வாங்குகிறார்கள். மேம்பாட்டாளர் கட்டி முடித்த தாமான் வீட்டுச் சாவியைப் பெற்று, பின்பக்கம் சமையலறையை நீட்டி, முன்பக்கம் கிரில் போடுவதோடு சரி. பங்களா லாட் வாங்கியோ, பழைய கம்பத்து வீட்டை இடித்துவிட்டோ தன் விருப்பப்படி கட்ட முனைகிறவர் சிறுபான்மைதான். அவர் தலையில் ஒரு பாரம் விழுகிறது, அது அவர் கண்ணில் படுவதே இல்லை. 200 வீடு கட்டும் மேம்பாட்டாளருக்கு, பத்து வீட்டின் அடியில் மோசமான மண் இருந்தாலும் மற்ற 190 வீடுகள் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளும். ஒற்றை வீட்டுக்காரருக்குச் சராசரி என்பதே கிடையாது. அவர் மனையின் அடியில் இருப்பது எதுவோ, அதுதான் அவர் தலைவிதி.

அடியில் இருப்பது என்ன என்பதற்கு மலையிலிருந்தே தொடங்கலாம். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் மலை, கரைந்துபோனது போக நின்ற மிச்சம். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு அது. நிலவியலாளர்கள் கோலாலம்பூர் சுண்ணாம்புப் பாறை என்று அழைக்கும் அதே பாறை, மலையடிவாரத்தோடு முடிந்துவிடவில்லை. ஜிஞ்சாங், செந்தூல், தலைநகரின் நடுப்பகுதி, சுங்கை பீசி என்று ஆற்று வண்டலுக்கு அடியில் புதைந்து நீள்கிறது. மேலே தெரியும் பத்துமலைக்கு எத்தனை குகைகளோ, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாறைக்கும் அதே இயல்புதான்.

குகைகளை உண்டாக்குவது மழைத்தண்ணீர். காற்றிலுள்ள கரியமில வாயு மழைத்துளியில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அப்பழுக்கில்லாத மழைநீரின் பிஎச் அளவே சுமார் 5.6தான். அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டு நிரப்பி வைத்திருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இருக்கும் காற்றில் இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். கால்சியம் கார்பனேட்டான சுண்ணாம்புக்கல், அந்தத் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகிக் கரைந்து ஓடிவிடும். ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் மழை பெய்யும், இலைதழை மக்கிக்கொண்டே இருக்கும் நம் நாட்டில் இந்த வேலை ஓய்வதில்லை. தண்ணீர் பாறையின் விரிசல்களைத் தேடிப் போவதால் கரைவதும் சீராக நடப்பதில்லை. விரிசல் இருந்த இடம் பள்ளமாகும், இல்லாத இடம் முனையாக நிற்கும். புதைந்த பாறையின் மேல்முகம் பல் உடைந்த சீப்பைப் போல இருக்கிறது. இரண்டு மீட்டர் இடைவெளியில் பாறை பத்து மீட்டர் ஏறி இறங்குவது இங்கே அதிசயமில்லை.

இந்தப் பள்ளங்களில்தான் ஈயம் சேர்ந்தது. கருங்கல் மலைகளிலிருந்து ஆறுகள் அடித்து வந்த கனமான ஈயமணல், பாறைமுனைகளுக்கு இடையே சிக்கித் தங்கியது. சுரங்கக்காரர்கள் அதைத் தோண்டித் தோண்டி எடுத்தபின் குட்டைகள் மிஞ்சின, கழுவி விட்ட சேறு மிஞ்சியது. பத்துமலையில் முருகனைப் பிரதிஷ்டை செய்து 1891-இல் கோயிலுக்கு வழிவகுத்த கா. தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத் தொழிலில் இருந்தவரே. அவரும் லோக் இயூவும் ரவாங்கில் நடத்திய சுரங்கத்தில்தான் 1894-இல் மலாயாவின் முதல் மின்சாரம் உற்பத்தியானது. அப்படித் தோண்டிய நிலங்கள் பிற்பாடு நிரப்பப்பட்டு மனைகளாயின. நிரப்பியவர் எதைப் போட்டு நிரப்பினார், எவ்வளவு இறுக்கினார் என்பது நிலப்பட்டாவில் இருக்காது. வீட்டு மனை ஒரு காலத்தில் ஈயக்குட்டையாக இருந்ததா என்பதை அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக்கூடும். பழைய நிலவரைபடங்களும் வான்படங்களும் இன்னும் தெளிவாகச் சொல்லும்.

பணபலம் உள்ளவர்களையும் இந்தப் பாறை விட்டுவைத்ததில்லை. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் தேர்ந்த இடத்தில் துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கம் சிதைந்த சுண்ணாம்புப் பாறையும் பொந்துகளும், இன்னொரு பக்கம் வேறு மண்ணும் இருப்பது தெரிந்தது. கட்டியிருந்தால் ஒரு பக்கம் அதிகமாக இறங்கும். கோபுரங்களின் இருப்பிடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தினார்கள். அப்படி நகர்த்தியும், 4.5 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் மேடையும் அதன் கீழே 100 மீட்டருக்கு மேல் இறங்கும் தூண்களும் தேவைப்பட்டன. அவர்கள் துளையிட்டது வரைபடத்தை மாற்ற வழி இருந்தபோது. வீடு கட்டுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தூணின் ஆழத்தை அல்ல, அந்த வரிசைமுறையை.

வழக்கம் தலைகீழாக இருக்கிறது. முதலில் நிலம் வாங்குவார்கள். பிறகு வீட்டின் முகப்புப் படம். அதன்பின் குத்தகையாளரிடம், "சதுர அடிக்கு எவ்வளவு?" மண்ணைப் பற்றிய பேச்சு, பைலிங் இயந்திரம் மனைக்குள் வந்து நிற்கும் நாளில்தான் எழும்.

சதுர அடி விலை என்பது எனக்குப் பிடிக்காத ஒன்று. அது பொய் என்று சொல்லவில்லை. பாதிக் கணக்கை மறைத்துவிடுகிறது. பத்துக்குப் பத்து மீட்டர் வீடும், ஐந்துக்கு இருபது மீட்டர் வீடும் பரப்பில் ஒன்றே, 100 சதுர மீட்டர். ஆனால் முதல் வீட்டைச் சுற்றிவர 40 மீட்டர் சுவர், இரண்டாவதற்கு 50 மீட்டர். அதே பரப்புக்குக் கால்பங்கு சுவர் அதிகம். அதே 100 சதுர மீட்டரை இரண்டு மாடியாக அடுக்கினால் கூரையும் தரையடித்தளமும் பாதியாகும், படிக்கட்டுக்கு இடம் போகும். குளியலறை சின்ன வீட்டிலும் பெரிய வீட்டிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். இதெல்லாம்கூடப் போகட்டும். வேலி, கேட், கால்வாய், கார் நிறுத்துமிடத் தரை, தண்ணீர், மின்சார இணைப்பு, கழிவுநீர்த் தொட்டி, கட்டடக் கலைஞர், பொறியாளர், நில அளவையாளர் கட்டணங்கள் எதுவும் பல நேரங்களில் அந்தச் சதுர அடிக்குள் வருவதில்லை. மண் வருவதே இல்லை. மொத்த விலை பேசிய ஒப்பந்தங்களிலும் பைலிங்கை மட்டும் உத்தேசக் கணக்காகப் போட்டு, இறங்கிய மீட்டரை அளந்து பிறகு பணம் வாங்குவதே பரவலான நடைமுறை. அளவு கூடினால் பணம் வீட்டுக்காரருடையது.

சுண்ணாம்புப் பாறையில் அளவு கூடுவது எப்படி என்பதையும் பார்க்கலாம். அடித்து இறக்கும் பைல், சாய்வான பாறைமுகத்தில் பட்டால் வழுக்கி வளையும் அல்லது உடையும். உடைந்ததற்குப் பதிலாகப் பக்கத்தில் இன்னொன்று. அதனால் பொறியாளர்கள் மைக்ரோபைல் என்ற முறைக்குப் போகிறார்கள்: சிறிய குழியைப் பாறைக்குள்ளேயே துளைத்து, உள்ளே எஃகுக் குழாயோ கம்பியோ இறக்கிச் சிமெண்டுக் குழம்பை நிரப்புவது. துளையில் பொந்து குறுக்கிட்டால் குழம்பு அதற்குள் ஓடி மறையும். பொந்தைக் கடந்து நல்ல பாறை கிடைக்கும்வரை துளை நீளும். ஒவ்வொரு தூணும் ஒவ்வோர் ஆழம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 6 லட்சம் வெள்ளி வீட்டில் அடித்தளத்துக்கு 60,000 என்று எழுதியிருக்கிறது. எல்லாம் நன்றாக அமைந்தால் 45,000-இல் முடியும். பொந்து தட்டுப்பட்டு, வேலை பாதியில் நின்று, வடிவமைப்பை மாற்றி, இயந்திரத்தை மறுபடி வரவழைத்தால் 1,50,000. லாபப் பக்கம் 15,000, நட்டப் பக்கம் 90,000. கட்டுமானச் செலவுகளின் சுபாவமே இந்தக் கோணல்: குறைவதற்கு ஓர் எல்லை உண்டு, கூடுவதற்கு இல்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை தன் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறை இதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்றைத் தருகிறது. குறைந்தபட்சம், பெரும்பாலும் ஆகக்கூடிய மதிப்பைப்போல் நான்கு மடங்கு, அதிகபட்சம் மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 45,000, 2,40,000, 1,50,000, கூட்டினால் 4,35,000, வகுத்தால் 72,500. ஆக, "பெரும்பாலும் 60,000 ஆகும்" என்று நேர்மையாகச் சொன்னவரின் கணக்கிலேயே 12,500 குறைகிறது.

இப்போது 12,000 வெள்ளி கொடுத்து முறையான ஆழ்துளைச் சோதனை செய்யலாமா என்ற கேள்வி. இந்தச் சோதனையில் 63.5 கிலோ சம்மட்டி 76 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, எஸ்பிடி என்பார்கள். பாறை வந்ததும் வைர முனைத் துளைப்பானால் சில மீட்டர் பாறையையே உருளையாக வெட்டி மேலே கொண்டுவருவார்கள். அந்த உருளையைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் நமக்கே புரியும்: வெள்ளை, சாம்பல் கல் வரிசையாக வந்துகொண்டிருக்கும், நடுவே அரை மீட்டர் வெற்றிடம் அல்லது பிசுபிசுத்த களிமண். அதுதான் பொந்து. மோசமான மண் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் வீட்டை மனைக்குள் கொஞ்சம் நகர்த்தலாம், தூண்களைக் குறைக்கலாம், மைக்ரோபைலுக்கு ஆரம்பத்திலேயே விலை கேட்கலாம். கூடுதல் செலவு 90,000-க்குப் பதில் 30,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை மிச்சப்படுத்துவது 60,000. சோதனையின் விலை 12,000. மோசமான மண்ணுக்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் சோதனை லாபம். அதற்குக் கீழே என்றால் சராசரிக் கணக்கில் நட்டம்.

எல்லா இடத்திலும் ஆழ்துளை போடு என்று நான் சொல்லமாட்டேன். கென்னி ஹில் வகை மணற்கல்லும் களிப்பாறையும் சிதைந்து உண்டான இறுகிய மண்ணில், சுற்றிலும் முப்பது ஆண்டு வீடுகள் விரிசலின்றி நிற்கும் தெருவில், மெக்கிந்தோஷ் போதும் என்று பொறியாளர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பத்துமலையில், ஜிஞ்சாங்கில் ஐந்தில் ஒன்று என்பது அதிகமான மதிப்பீடு இல்லை. அங்கே அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பது சூதாட்டம். நிலம் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மண் சோதனைக்கு விற்பவரிடம் அனுமதி கேட்பதே எல்லாவற்றிலும் மலிவான வழி. வாங்காமல் விலகும் உரிமை அப்போது மட்டும்தான் கையில் இருக்கிறது.

சுண்ணாம்பு நிலத்தில் வீடு எழும்பிய பிறகும் ஒரு செலவு இருக்கிறது, அதைச் செலவாக யாரும் எழுதுவதில்லை: தண்ணீரை வெளியேற்றுவது. பாறைப் பொந்தின் மேல் மண் வளைவாக நின்றுகொண்டிருக்கும். நிலத்தடி நீர் ஏறி இறங்கினாலோ, உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகினாலோ, அந்த வளைவின் அடிமண் துளித்துளியாகப் பொந்துக்குள் உதிரும். வெளியே ஒன்றும் தெரியாது. வெற்றிடம் மேல்நோக்கி வளர்ந்து, ஒரு நாள் தரை மட்டத்தைத் தொட்டுவிடும். 150 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7,500 லிட்டர்; நம் ஊர் மாலை மழை ஒன்றுக்கு இது பெரிய அளவு இல்லை. அந்தத் தண்ணீரைப் பீலி வழியாகப் பூந்தொட்டிப் பக்கம் விட்டுவிட்டு, உள்ளே இத்தாலியப் பளிங்குத் தரை போடுகிற வீடுகள் உண்டு. சுற்றுக் கால்வாயும் கசியாத கழிவுக் குழாயும்தான் அங்கே முதலில் பணம் கேட்கும் இடங்கள்.

நம்முடைய கணக்கு ஏன் எப்போதும் குறைவாகவே வருகிறது என்பதை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கானமனும் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் 1979-இல் இதைத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருள்படப் பெயரிட்டு எழுதினார்கள். தன் வேலையை மனத்திரையில் காட்சி காட்சியாக ஓட்டிப் பார்க்கிறவர், தடையில்லாத ஒரு கதையைத்தான் பார்க்கிறார். இதே வேலையைச் செய்த மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. கானமன் தன் நூலில் எடுத்துக்காட்டும் 2002-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில், சமையலறையைப் புதுப்பித்தவர்கள் சராசரியாக 18,658 டாலர் எதிர்பார்த்து, 38,769 டாலர் கொடுத்திருந்தார்கள். மருந்தும் அவரே சொன்னதுதான்: உன் வரைபடத்தை மூடிவை, இதே மாதிரி வீடு கட்டிய ஆறேழு பேரிடம், பேசிய தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு என்று கேள். நம் ஊரில் இதைக் கேட்பது கொஞ்சம் சங்கடம். கல்யாணச் செலவைச் சொல்கிறவர்கள்கூட வீட்டுச் செலவைச் சொல்வதில்லை.

"எதற்கும் பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்" என்பது பரவலான அறிவுரை. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? செலவு பத்துத் தலைப்புகளில் சமமாகப் பிரிந்து, தலைப்புக்கு 60,000, ஒவ்வொன்றும் 20 சதவீதம் அதாவது 12,000 முன்னே பின்னே போகலாம் என்றால், புள்ளியியல் ஒரு நல்ல செய்தி சொல்கிறது. அவை ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கினால் மொத்தத்தின் அலைவு 1,20,000 ஆகாது. 12,000-ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் 38,000 அளவில் நிற்கும். 6 லட்சத்தில் அது ஆறு சதவீதம் சொச்சம். ஒன்றில் போனது இன்னொன்றில் வரும். கட்டுமானத்தில் அப்படி நடப்பதில்லை. எஃகு விலை ஏறினால் பைலிங், தூண், தளம், கூரை எல்லாம் சேர்ந்தே ஏறும். மழையால் அடித்தளம் தள்ளிப்போனால் பின்னால் வரும் அத்தனையும் தள்ளிப்போகும். கூட்டாக ஏறும் செலவுகளுக்கு வர்க்கமூலச் சலுகை கிடையாது. அடித்தளம் முடியும் முன் 15, 20 சதவீதம் ஒதுக்கி வைத்திருப்பதும், மண்ணுக்கு மேல் வந்தபிறகு அதை எட்டு, பத்தாகக் குறைத்துக்கொள்வதும் அர்த்தமுள்ள கணக்காக எனக்குப் படுகிறது.

கிள்ளானில் கதை வேறு. அங்கே பாறையைத் தேடி யாரும் அலைவதில்லை. கடல் விட்டுப்போன மென்களிமண் இருபது, முப்பது மீட்டர் வரை கிடக்கிறது. அங்குள்ள எந்தத் தாமானிலும் நடந்து பார்க்கலாம்: பைல் மேல் நிற்கும் வீடு அசையாமல் இருக்கும், அதைச் சுற்றிய சிமெண்டுத் தரையும் கால்வாயும் கீழே இறங்கியிருக்கும். வாசல்படிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே பிற்பாடு கட்டிய கூடுதல் படி ஒன்று இருக்கும். பின்பக்கம் பைல் இல்லாமல் நீட்டிய சமையலறை, பழைய சுவரிலிருந்து பிரிந்து நிற்கும். மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே வரவர ஒடுங்கும் விரிசல், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பூசிப் பூசி மூடினாலும் அடுத்த ஆண்டு அது மறுபடி வாய் திறக்கும்.

களிமண் இறங்குவது அதிலுள்ள தண்ணீர் பிழியப்படுவதால். துகள்கள் மிக நுண்ணியவை, தண்ணீர் வெளியேற வழி குறுகல், ஆகவே ஆண்டுக்கணக்காகும். பொறியாளர் கார்ல் டெர்சாகி நூறாண்டுக்கு முன் வகுத்துத் தந்த கோட்பாட்டின்படி, இந்தக் காலம் களிமண் அடுக்கின் தடிமனுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. ஐந்து மீட்டர் களிமண்ணில் ஓரிரு ஆண்டில் அடங்குவது, இருபது மீட்டரில் ஒரு தலைமுறைக்கு நீளும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா போன்ற இடங்கள் மூழ்கியபின், புதிதாகக் கட்டுகிறவர்கள் மனையை ஒரு மீட்டர் மேடாக்க விரும்புகிறார்கள். விருப்பம் நியாயமானது. ஆனால் ஒரு மீட்டர் மண்மேடு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன். கான்கிரீட், செங்கல் வீட்டின் ஒரு மாடி, சுவர் தளம் எல்லாம் சேர்த்து, சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை டன்தான். அதாவது வெள்ளத்துக்கு அஞ்சி மனை முழுதும் மண் கொட்டுவது, களிமண்ணின் தலையில் இன்னொரு மாடியை ஏற்றி வைப்பதற்குச் சமம், அதுவும் பைல் இல்லாமல். மண் இறங்கும்போது பைல்களின் பக்கவாட்டைப் பிடித்துக் கீழே இழுக்கவும் செய்யும். அந்தக் கூடுதல் பாரத்தையும் பொறியாளர் கணக்கில் எடுக்க வேண்டும். மண்ணை முன்கூட்டியே கொட்டிப் பல மாதம் அழுத்த விடுவது ஒரு வழி. தரையைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழே வெற்றிடம் விடுவது இன்னொரு வழி. கால் வைத்த மலாய் மரவீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

மலைச்சரிவு மனைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வளாகத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். சரிவு மனையில் வீட்டின் விலையோடு, தாங்குசுவரின் விலையும் மேலே உள்ள பக்கத்து நிலத்துக் கால்வாயின் நிலையும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பக்கத்து நிலம் உங்கள் கையில் இல்லை. காட்சி அழகுக்காக அதை வாங்குகிறவர்களை எனக்குப் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

மண் பலவீனமாக இருக்கும் இடத்தில் எடையைக் குறைத்தால் பணம் குறையும். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். தீக்கு அது சரியான மருந்து; மென்மண்ணுக்குப் பாரம். இன்று கிடைக்கும் காற்றேற்றிய இலகு கான்கிரீட் கட்டிகள் கன மீட்டருக்கு 600 கிலோ அளவில் இருக்கின்றன, செங்கல் சுவரின் மூன்றில் ஒரு பங்கு. கட்டி ஒன்றின் விலையை மட்டும் செங்கல்லோடு ஒப்பிட்டு "விலை ஜாஸ்தி" என்று தள்ளிவிடுகிறவர்கள், மெலிந்த உத்தரத்திலும் குறைந்த பைலிலும் திரும்பி வரும் பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காசில்லாமல் கிடைக்கும் ஒரு மிச்சம் திசை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில்தான் இருக்கிறது. சூரியன் ஆண்டு முழுதும் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே போகும். வடக்கு, தெற்குச் சுவர்களைச் சின்னக் கூரை நீட்டலே காப்பாற்றிவிடும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் வெயில் கிடையாகப் பாயும்போது அது உதவாது. நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மனையடி சாஸ்திரம் பார்த்துக் கிழக்கு வாசல் வைக்கிறவர்களுக்கும் இதில் முரண்பாடில்லை. குறுகிய முகப்பைக் கிழக்குக்குக் கொடுத்தால் இரண்டும் நிறைவேறும். மேற்கில் படுக்கையறையை வைத்துவிட்டு இருபது ஆண்டு குளிர்சாதனத்துக்குக் கட்டும் மின்கட்டணம் எந்தக் குத்தகையாளரின் விலைப்பட்டியலிலும் இல்லை. ஜன்னலைக் குறுக்கி இதைச் சமாளிக்கவும் முடியாது. 1984-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட உபவிதிகள், வசிக்கும் அறைகளில் தரைப்பரப்பில் பத்து சதவீதமாவது ஜன்னல் வெளிச்சத்துக்கு வேண்டும் என்கின்றன.

காகித வேலையில் இரண்டே விஷயம் பணத்தைத் தின்னும். ஒன்று, கெரான் எனப்படும் நிலப்பட்டாவில் உள்ள நிலப் பயன்பாட்டு வகை. விவசாயம் என்று இருந்தால் கட்டடத்துக்கு மாற்றி, மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். மலாய் ரிசாப் போன்ற கட்டுப்பாடு எதுவும் எழுதியிருக்கிறதா என்பதையும் அதே தாளில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, காலம். 4 லட்சம் கடன் வெளியான நிலையில், 4 சதவீத வட்டி என்றால் மாதம் 1,333 வெள்ளி. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 1,500 என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத் தாமதத்தின் விலை 2,833. ஆறு மாதம் இழுத்தால் 17,000, முன்பு யோசித்துக் கைவிட்ட ஆழ்துளைச் சோதனையைவிட அதிகம்.

செலாயாங் நகராண்மைக் கழகமோ கிள்ளான் மாநகர் மன்றமோ வரைபடத்தை அங்கீகரித்து, வீடு எழும்பிய பின், சிசிசி எனப்படும் நிறைவுச் சான்றிதழ் வந்தால்தான் குடிபுக முடியும். 2007 முதல் இதை வழங்குவது, வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர் போன்ற நிபுணர். அதற்கு முன் மண்வேலை, அளந்து குறித்தல், அடித்தளம் என்று கட்டம் கட்டமாக ஜி படிவங்கள், மொத்தம் 21 வகை, கையெழுத்தாக வேண்டும். ஜி3 அடித்தளத்துக்கு உரியது. பலர் இவற்றை நிபுணரின் கோப்போடு விட்டுவிடுகிறார்கள். குத்தகையாளருக்கான கடைசித் தொகையைப் பிடித்து வைத்திருக்கும்போதே, ஜி3-இன் நகலோடு பைலிங் பதிவேட்டையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். எந்தத் தூணின் அடியில் எத்தனை பைல், எத்தனை மீட்டர், எங்கே பாறை, எங்கே பொந்து என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்துப் பின்பக்கச் சமையலறையை நீட்ட நினைக்கும்போது புதுப் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். அது இல்லையென்றால் சம்பளம் கொடுத்து மறுபடியும் துளை போட வேண்டியதுதான்.